மில்காரனின் அடுத்த பாஷை

தும்மின ஆளுக்கு மூன்று வெளிநாட்டுப் பாஷையில் சுகம் சொன்ன மில்காரன் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் சுன்னாகத்தில், எங்கள் ஒழுங்கை முடக்கில், மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தான். மில் வாசலில் கால் வைத்தால் யாருக்கும் தும்மல் வரும். முதல் தும்மலுக்கு ஜெர்மன், இரண்டாவதற்குப் பிரெஞ்சு, மூன்றாவதற்கு ஒல்லாந்து. நாலாவது தும்மலும் வந்துவிட்டால், "அக்கா, நீங்கள் வெளியிலை போய் நில்லுங்கோ" என்று தமிழில் சொல்லிவிடுவான்.

அவனுக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ஊரில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. பெரியவர்களுக்கு மில்லுத் தம்பி, சின்னவர்களுக்கு மில் அண்ணை. எனக்கு அவன் மோனை, அவனுக்கு நான் ஆச்சி. சொந்தம் ஒன்றும் கிடையாது. என் படலையில் இருந்து பத்து எட்டு வைத்தால் அவனுடைய மில், அவ்வளவுதான் உறவு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதையும் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நான் ஒன்று சொல்ல அவள் அதைப் பத்திரிகைத் தமிழாக்கிப் போடுகிறாள். போடட்டும். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

கைநாட்டுக் கிழவிக்கு ஜெர்மன் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அது அவனுடைய மனிசி சுகந்தியால் வந்தது.

சுகந்தி உடுவில் பெட்டை. நல்ல வடிவு, நல்ல குரல். மில் சத்தத்துக்கு மேலாலும் அவள் கூப்பிட்டால் இவனுக்குக் கேட்கும். கலியாணம் முடிந்து நாலாம் மாதம், ஜெர்மனியில் இருந்த சித்தப்பா ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்து அவளை அங்கே எடுப்பித்தார். ஒரு ஆளைத்தான் கொண்டுபோகலாம் என்று ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டான். வெளிக்கிடுகிற அன்று அவள் எங்கள் எல்லோருக்கும் முன்னால் வைத்துத்தான் சொன்னாள்.

"நான் போய் விசா எடுத்துக்கொண்டு உங்களைக் கூப்பிடுறன். நீங்கள் அதுக்குள்ளை பாஷையைப் படிச்சு வையுங்கோ. பாஷைச் சோதினை பாஸ் பண்ணாட்டி எம்பசியிலை விடமாட்டினமாம்."

அவள் விசா எடுப்பாள், இவன் பாஷை எடுப்பான், பிறகு இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருப்பார்கள். ஒப்பந்தம் அதுதான். அவன் தன்னுடைய பங்கைச் செய்யத் தொடங்கினான்.

செய்த விதத்தைக் கேளுங்கள். மில்லில் கண்ட இடமெல்லாம் சோக்கட்டியால் எழுதினான். சுவரில், தராசில், மா மூடுகிற தகரத்தில், வாசல் நிலையில். ஒரு சாக்கில் எழுதிவிட்டு என்னிடம் ஓடி வந்தான்.

"ஆச்சி, அவங்களும் சாக்கைச் சாக்கெண்டுதான் சொல்லுறாங்கள்."

"பேந்தென்ன, பாதி படிச்சு முடிஞ்சுதே," என்றேன்.

எழுதுவதோடு போகாதாம், சோதினையில் ஒருவர் கேள்வி கேட்பாராம், இவன் பதில் சொல்ல வேண்டுமாம். கேள்வி கேட்க ஒரு ஆள் தேவைப்பட்டது. படித்த பெண்கள் எல்லோருக்கும் வெட்கம். எனக்கு வெட்கமும் இல்லை, வேலையும் இல்லை. இருபது கேள்வியைக் காதாலேயே பாடமாக்கினேன். 'வீ ஹைசன் சீ' என்றால் உன்ரை பேர் என்ன. 'வோ வோனன் சீ' என்றால் எங்கை இருக்கிறாய். இன்றைக்கும் நித்திரையில் தட்டி எழுப்பினாலும் சொல்லுவேன்.

ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து அதில் என்னை இருத்தினான். நான்தான் சோதினைக்காரி. சோதினைக்காரி சிரிக்கக்கூடாதாம். அதுதான் எனக்குக் கஷ்டம். அவன் எதிரே கைகட்டி நின்று, முகமெல்லாம் மிளகாய்த்தூளோடு, "என் பெயர் இன்னது" என்று ஜெர்மனில் சொல்லும்போது எனக்கு வயிறு குலுங்கும். கடைசியில் வாய்க்குள் வெற்றிலையை அடக்கிக்கொண்டு கேட்டேன். சிரிப்பும் நின்றது, அந்தப் பாஷைக்கு வேண்டிய தொண்டைக் கரகரப்பும் தானாக வந்தது.

"ஆச்சி, அசல் ஜெர்மன்காரி மாதிரியே கிடக்குது," என்றான்.

"நீ பேசாமல் பதிலைச் சொல்லு."

ஆனால் ஒரு பிழை விட்டுவிட்டோம். நாங்கள் கேட்டதும் சொன்னதும் எல்லாம் மில் ஓடிக்கொண்டிருக்கும்போது. அந்தச் சத்தத்துக்கு மேலாலே நான் கத்திக் கேட்க, அவன் கத்திப் பதில் சொல்லுவான். ஜெர்மன் என்றால் கத்துகிற பாஷை என்றே இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம். கொழும்பில் சோதினை நடந்தது குளிரூட்டின ஒரு சின்ன அறையிலாம். ஊசி விழுந்தாலும் கேட்குமாம். ஒரு மெல்லிய பெண்பிள்ளை, மெல்லமாகத் தலையைச் சரித்து, உங்கள் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறாள்.

"நான் வழமை மாதிரித்தான் ஆச்சி சொன்னனான்," என்றான் வந்து. "அந்தப் பிள்ளை கதிரையோடை பின்னுக்குப் போட்டுது. வாசல்லை நிண்ட காவல்காரன் கதவைத் திறந்துகொண்டு உள்ளை வந்திட்டான்."

"பேந்து?"

"பேந்தென்ன, அவனுக்கும் என்ரை பேரைச் சொன்னனான்."

என்றாலும் பாஸ். எழுத்து விளங்காவிட்டாலும் அந்தச் சேட்டிபிக்கட்டை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். அதற்குக் கண்ணாடி போட்டு, மில்லுக்குள் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். வந்த பெண்கள் லட்சுமியைக் கும்பிட்ட கையோடு அதையும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மாட்டி ஒரு கிழமையும் ஆகவில்லை, சுகந்தி போன் எடுத்தாள். அவளுடைய அகதிக் கேஸை நிராகரித்துவிட்டார்களாம். பிரான்சில் இருக்கிற மச்சாளிடம் போய்விட்டாளாம். அங்கே விசா எடுப்பது சுகமாம். அவன் போனை வைத்தான். பிறகு ஈரத்துணியை எடுத்துச் சுவரில் இருந்த ஜெர்மனை அழிக்கத் தொடங்கினான்.

"பரவாயில்லை ஆச்சி. பாஷைதானே. படிச்சாப் போச்சு."

பிரெஞ்சுக்கு மூக்கால் கதைக்க வேண்டும். படித்த பெரிய ஆட்களே அதில் இடறி விழுவார்களாம். எங்கள் மில்காரனுக்கு அது பெரிய வேலையாக இருக்கவில்லை. வருடம் முழுக்க மிளகாய்த்தூளில் அடைத்த மூக்கு. வாயைத் திறந்தாலே பிரெஞ்சு. நான்தான் கஷ்டப்பட்டேன். இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பேன். ஒருநாள் அப்படி இருக்கும்போது மிளகாயோடு வந்த ஒரு மனிசி, ஏதோ நாற்றம் என்று நினைத்து வாசலோடு திரும்பிப் போய்விட்டது.

பிரெஞ்சில் அவன் நன்றாகக் கதைக்கத் தொடங்கின காலத்தில் சுகந்தி ஒல்லாந்துக்குப் போனாள்.

ஒல்லாந்துப் பாஷை படிக்கும்போது மட்டும் அவன் ஒரு மாதிரிச் சந்தோசமாக இருந்தான். ஆபீசை நாங்கள் கந்தோர் என்று சொல்வதும், மேசை இழுப்பறையை லாச்சி என்று சொல்வதும் ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்களாம்.

"பாத்தியளே ஆச்சி, அவங்கள் இஞ்சை வந்து கோட்டை கட்டிக்கொண்டு எத்தினை காலம் இருந்தவங்கள். ஒருத்தரும் அவங்களிட்டைத் தமிழ்ச் சோதினை வைக்கேல்லை. நாங்கள் அங்கை போறதெண்டால் மட்டும் சோதினை."

"நீ அதையும் அவங்கடை பாஷையிலை கேள்."

"அந்தளவுக்கு இன்னும் படிக்கேல்லை," என்றான்.

சிரித்தோம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜெர்மன் நாட்களில் சுகந்தி ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்தாள். பிரெஞ்சு நாட்களில் மாதம் ஒருமுறை. ஒல்லாந்துக்குப் போன பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். இவனுக்குப் பாஷை கூடக்கூட அவளுக்குக் கதை குறைந்துகொண்டு போனது. பிறகு ஒரு பொங்கலுக்குப் போனே வரவில்லை. இவன் எடுத்தால், அந்த நம்பர் பாவனையில் இல்லை என்று ஒரு பெண்பிள்ளை சொன்னாளாம். ஒல்லாந்தில்தான் சொன்னாளாம். அவனுக்கு விளங்கியது.

இனி மில் வேலையில் ஒரு சங்கதி சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் அரைக்கிற தூளில் பாதி இந்த ஊரில் வேகாது. மிளகாயோடு மல்லி, மிளகு, கறிவேப்பிலை போட்டு வறுத்து அரைத்த தூளைப் பொதி கட்டி வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்புவோம். அங்கே கடையில் இருக்கிற தூள் கறிக்கு ஆகாதாம். அதனால் மூட்டை வந்தவுடன் மில்காரன் கேட்கிற முதல் கேள்வி, "எந்த நாட்டுக்கு?" என்பதுதான். தூர நாடென்றால் கொஞ்சம் கூடுதலாக வறுக்கச் சொல்லுவான், வழியில் வண்டு பிடிக்காமல். அரைத்துக் கட்டின பையில் நாட்டின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுப்பான். எந்தப் பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறது என்று ஊருக்குப் பொறுப்பான விதானையாருக்குத் தெரியாவிட்டாலும் மில்காரனுக்குத் தெரியும்.

சுகந்தியின் தாயும் உடுவிலில் இருந்து ஓட்டோ பிடித்து இவனுடைய மில்லுக்குத்தான் மிளகாய் கொண்டுவருவா. மருமகனுடைய மில் அல்லவா. இவன் மற்றவர்களுடையதை நிறுத்திவிட்டு அதை முதலில் அரைப்பான். பொங்கலுக்குப் போன் வராத அந்த வருடத்தில் அவவும் வராமல் விட்டா. முழங்கால் ஏலாது என்று சொல்லி அனுப்பினாவாம்.

அந்த ஏலாத முழங்காலை நான் சுன்னாகம் சந்தையில் கண்டேன். வேறொரு மில்லில் இருந்து, தூள் பையைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, என்னைவிட வேகமாக நடந்து போய் ஓட்டோவில் ஏறினா. நான் வெங்காயம் வாங்கப் போனவள், வாங்காமல் வந்தேன். வந்து மில்காரனிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல? மாமி வேறு மில்லுக்குப் போறா என்றா? எந்த நாட்டுக்கு என்று நீ கேட்டுவிடுவாய் என்றுதான் அவ இங்கே வருவதில்லை என்றா?

இவனோ அடுத்த பாஷையைத் தெரிவு செய்கிற வேலையில் இறங்கியிருந்தான். நாலைந்து புத்தகம் வாங்கி அரிசி மூட்டைகளுக்கு மேல் பரப்பியிருந்தான். அவள் எங்கே போயிருப்பாள் என்று தெரிந்தால் எதைப் படிப்பதென்று தெரியும். அது தெரியாததால், மா அரைக்க வருகிறவர்களிடமெல்லாம் கேட்டான்.

முன்வீட்டு மணியத்தார் சொன்னார், "லண்டன்தான் தம்பி. எல்லாரும் கடைசியா அங்கைதான் போய் நிக்கினம். நீ இங்கிலீசைப் படி."

மா அரைக்க வந்த பாக்கியம் விடவில்லை. "உதென்ன கதை. நோர்வேயிலை தனியப் போன பெட்டையளை வடிவாப் பாக்கிறாங்கள். அவள் அங்கைதான்."

மணியத்தாரின் மகன் லண்டனில், பாக்கியத்தின் மகள் நோர்வேயில். அப்படித்தான் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பிள்ளை இருக்கிற இடத்துக்குச் சுகந்தியை அனுப்பிவைத்தார்கள். இவன் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டான். காலையில் இங்கிலீசுப் புத்தகம் மேலே இருக்கும், பின்னேரம் நோர்வே மேலே வரும். மாதங்கள் போயின. சுவரில் பாதி அழிந்த ஒல்லாந்து அப்படியே கிடந்தது. புதிதாக ஒரு சொல்லும் ஏறவில்லை.

"என்ன மோனை, ஒரு முடிவுக்கு வாவன்," என்று ஒருநாள் கேட்டேன்.

"அவசரப்பட்டுப் பிழையான பாஷையைப் படிச்சிட்டால், அவள் கூப்பிடேக்கை நான் ஆயத்தமில்லாமல் நிப்பனெல்லோ," என்றான்.



ஒரு செவ்வாய்க்கிழமை. நான் மரப்பெட்டியில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். அவன் யாருடையதோ மிளகாயை அரைத்து முடித்த நேரம், ஓட்டோவில் ஒரு மனிசி வந்து இறங்கினா. முன்பின் தெரியாத முகம். உடுவிலுக்குப் புதிதாகக் குடிவந்தவவாம். அந்தப் பக்கத்து மில்லில் மோட்டர் எரிந்துபோனதால் இங்கே வந்தாவாம். கையில் ஒரு துணி மூட்டை. அவிழ்க்க முதலே மணம் எனக்குச் சொல்லிவிட்டது. அது மிளகாய் இல்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கறி வைக்கிற சரக்கு. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள்.

அவன் வழமைபோலக் கேட்டான், "எந்த நாட்டுக்கு அக்கா?"

"டென்மார்க்குக்கு, தம்பி. என்ரை இல்லை. எங்கடை பக்கத்து வீட்டு அக்காவின்ரை மகளுக்கு. சுகந்தி எண்டு. பெடியன் பிறந்திருக்கிறான், போன கிழமை. அக்கா வரமாட்டன் எண்டு நிண்டவ, அதுதான் நான் கொண்டுவந்தனான்."

அவனுடைய கை தராசில் இருந்தது. அங்கேயே இருந்தது.

"தகப்பன்?" என்று கேட்டான்.

"அவரும் எங்கடை ஆள்தானாம். தீவுப் பக்கம். அங்கை சாப்பாட்டுக் கடையிலை நிக்கிறாராம்."

நான் அந்த மனிசியின் வாயைப் பொத்தியிருக்கலாம். அவன் மூட்டையை வாங்கித் தராசில் வைத்தான். திரும்ப எடுத்தான்.

"அக்கா, கொஞ்சம் இருங்கோ. இப்பத்தான் மிளகாய் அரைச்சது. காரம் பட்டால் தாய்க்கும் கூடாது, பால் குடிக்கிற பிள்ளைக்கும் கூடாது. மில்லைத் துப்பரவாக்கிப் போட்டு அரைச்சுத் தாறன்."

மில்லைத் துப்பரவாக்குவதென்றால் ஒரு சுண்டு அளவு பச்சை அரிசியைப் போட்டு ஓட விடுவது. அந்த அரிசி உள்ளே ஒட்டியிருக்கிற காரத்தை எடுத்துக்கொண்டு வரும். எல்லா மில்காரரும் ஒருதரம் செய்வார்கள். அவன் தன்னுடைய அரிசியில் மூன்றுதரம் ஓட விட்டான். மூன்றாவது மாவைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தான். பிறகுதான் சரக்கைப் போட்டான். கட்டிக் கொடுக்கும்போது பையில் நாட்டின் பெயரை எழுதினான். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் வரி கோணினால் தெரியும். கோணவில்லை.

"தாய்க்குச் சுகமோ?" என்று மட்டும் கேட்டான்.

"ஓம் தம்பி, நல்ல சுகமாம்," என்றுவிட்டு அந்த மனிசி ஓட்டோவில் ஏறிப் போனா.

அடுத்த நாள் மில் திறந்திருந்தது. சுவரில் ஒரு சொல்லும் இல்லை. கண்ணாடி போட்ட சேட்டிபிக்கட் இல்லை, புத்தகங்கள் இல்லை. பாக்கியம் வாசலில் நின்று தும்மினா. ஜெர்மன் வரவில்லை. இன்னொரு தரம் தும்மிப் பார்த்தா. பிரெஞ்சும் வரவில்லை. அவ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் எனக்குப் பயம் பிடித்தது. அந்த மில்லுக்குப் பின்னால் ஒரு ஆழமான கிணறு. கட்டு அரைவாசி உடைந்தது.

நான் ஒவ்வொரு நாளும் எதையாவது தூக்கிக்கொண்டு அரைக்கப் போகத் தொடங்கினேன். முதல் நாள் மிளகாய், அடுத்த நாள் மல்லி, பிறகு உழுந்து, பிறகு காயவைத்த பனங்கிழங்கான ஒடியல். மூன்றாம் கிழமை வீட்டில் அரைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. என் மருமகள் அடுப்படியைப் பூட்டிவிட்டாள். அரைத்த தூளையே எடுத்துக்கொண்டு போனேன்.

"ஆச்சி, இது நேற்று அரைச்ச தூளெல்லோ."

"இன்னும் கொஞ்சம் நைசா வேணும்."

"இதுக்கு மேலை அரைச்சால் காத்தோடை போயிடும்."

"போனால் போகட்டும். அரை."

அவன் மில்லை நிற்பாட்டினான். அந்தச் சத்தமில்லாமல் அவன் எனக்கு எதிரே நின்று கதைத்தது அதுதான் முதல்தரம் என்று நினைக்கிறேன்.

"நான் கிணத்துக்கை விழுவன் எண்டு பயப்பிடுறியளோ, ஆச்சி?"

"நானேன் பயப்பிடுறன்."

"பேந்தேன் நாள்தோறும் போகேக்கை கிணத்தடியை எட்டிப் பாக்கிறியள்?"

"தண்ணி எவ்வளவு கிடக்குதெண்டு பாத்தனான்."

சிரித்தான். சிரிப்பென்று சொல்ல முடியாது, மூக்கால் கொஞ்சம் காற்றுப் போனது. அந்த நேரத்தில் நான் அவனுடைய மாமியைச் சந்தையில் கண்ட கதையைச் சொன்னேன். இத்தனை நாளும் மறைத்துவிட்டேன், என்னை மன்னித்துவிடு மோனை என்றேன். அவன் தூள் பையின் வாயைக் கட்டிக்கொண்டே கதைத்தான்.

"மாமி மில்லை மாத்தின மாசமே எனக்குத் தெரியும், ஆச்சி. எந்த நாடு எண்டதுதான் தெரியாது. அடுத்தது என்ன பாஷை எண்டு நான் யோசிச்சுக்கொண்டு இருக்கும் மட்டும், அவள் கூப்பிடத்தான் போறாள் எண்டு இருந்திது. அதுதான் முடிவெடுக்காமல் இழுத்தனான்."

"இப்ப?"

"இப்ப எனக்கு ஒரு நாடும் இல்லை. எதைப் படிச்சென்ன."

அவன் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. மா முடிந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னான். எனக்குப் படிப்பில்லை, ஆறுதல் சொல்லவும் வராது. ஆனால் ஆளைத் தெரியும். காய்ச்சலில் படுத்திருந்தபோதும் பாடத்தை முடிக்காமல் விடாத ஆள் அவன். பாதியில் ஒரு பாடத்தை விட்டுவிட்டு எங்கேயும் போகமாட்டான்.

"மோனை, எல்லாத்திலையும் படிக்கக் கனகாலம் எடுக்கிற பாஷை எது?" என்று கேட்டேன்.

"ஏனணை?"

"சும்மா கேக்கிறன், சொல்லன்."

யோசித்தான். "சீனம் எண்டு சொல்லுவினம். எழுத்தே ஆயிரக்கணக்கிலை கிடக்காம். ஒழுங்காப் படிக்கிறதெண்டால் பத்து வருசமெண்டாலும் வேணும்."

"எழுத்து எத்தினை கிடந்தாலும் எனக்கு ஒண்டுதான். அங்கை உனக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை."

"நல்லதாப் போச்சு. அதைப் படி."

"பத்து வருசம், ஆச்சி. அதுக்குள்ளை ஆர் இருக்கினம், ஆர் இல்லை."

"நீ இருப்பாய்," என்றேன். "நான் பாத்துக்கொள்ளுறன்."

எனக்கு எழுபத்தெட்டு நடக்கிறது. இன்னும் பத்து வருடம் உயிரோடு இருக்க வேண்டும் என்று அன்றைக்கு முன்னால் நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை.